பக்கம் எங்கே உடைய வேண்டும்? – அச்சு வேலைக்கு வரும் மகளுக்குச் சில அறிவுரைகள்

மகளே,

நீ டிடிபி வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னபோது மனம் நிறைந்தது. நம் முத்துக்குளித்துறைக்கும் அச்சுக்கும் உள்ள உறவு பழையது. இந்தக் கரையில் வாழ்ந்து, இந்த மக்களிடமே தமிழ் கற்ற ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வந்தது. 16 பக்கச் சிறு நூல் அது. 1586-ல் வந்த அவருடைய ‘ஃப்ளோஸ் சாங்க்தோரும்’ புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய நூல். புன்னைக்காயலில் அச்சேறியது என்றே இக்கரை அதைக் கொண்டாடும். அந்த அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இங்குள்ள பரதவர்கள். கடலில் மூழ்கிச் சம்பாதித்த காசை எழுத்துக்குக் கொடுத்தவர்களின் ஊர்க்காரி நீ.

ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் கோத்த நாளில் நான் தொழிலுக்கு வந்தேன். பிறகு பேஜ்மேக்கர் வந்தது, இன்டிசைன் வந்தது. கருவி எத்தனை மாறினாலும் ஒரு தொல்லை மட்டும் கூடவே வந்தது. பக்கம் ஆகாத இடத்தில் உடையும். உடைந்த இடத்தில் வெள்ளையாக ஓட்டை விழும். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நிற்கும். பத்தியின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவற்றைச் சரிசெய்யும் விதத்தில்தான் இந்தத் தொழில் செய்பவரின் குணம் தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. படிப்பவரின் மூச்சை முதலில் நினை.

முத்துக் குளித்தவர்கள் ஒரே மூச்சில் இறங்கினார்கள். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருந்தவர் அந்த மூச்சின் கணக்கை அறிந்திருக்க வேண்டியிருந்தது. வாசகருக்குக் கயிறு பிடிக்கும் வேலை உன்னுடையது. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போவது கண்ணின் ஒரு தாவல்தான். வாக்கியம் நடுவில் நின்றாலும் பொறுத்துக்கொள்வார். வலப்பக்கம் முடிந்தால் தாளைப் புரட்ட வேண்டும். அந்தப் புரட்டலில் ஒரு சொல் இரண்டாக உடைந்தாலோ, ‘அவர் சொன்னதாவது’ என்று நின்று சொன்னது பின்பக்கத்துக்குப் போனாலோ படிப்பு அறுந்துவிடும். எல்லாப் பக்கத்தையும் பார். வலப்பக்கத்தின் கடைசி வரியை இரண்டு முறை பார்.

2. எல்லா வெற்றிடத்தையும் குற்றமாக எண்ணாதே.

ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? வரிகள் விளிம்பிலிருந்து விளிம்புவரை நெருங்கி ஓடும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. ஆனால் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி மட்டும் எழுதாமல் விட்டிருப்பார்கள். கயிறு உரசி எழுத்து அழியக்கூடாது என்பதற்காக விட்ட இடம் அது. ஓலையைச் சிக்கனமாகப் பயன்படுத்திய காலத்திலும் அந்த இடத்தை அவர்கள் வீண் என்று நினைக்கவில்லை. இயல் முடிந்தபின் வரும் அரைப்பக்க வெள்ளை, கவிதையின் இரு பக்கமும் நிற்கும் வெள்ளை, தலைப்பின் மேல் உள்ள வெள்ளை எல்லாம் அப்படி வேண்டி விட்டவை. வெற்றிடம் கண்ணில் பட்டதும் ‘இது எதற்காக இங்கே இருக்கிறது?’ என்று கேள். பதில் இருந்தால் விட்டுவிடு. பதில் இல்லையென்றால் வேலையைத் தொடங்கு.

3. ஓட்டையை அடைக்கும் முன் அது எப்படி விழுந்தது என்று பார்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தவறான பழக்கம், என்டர் விசையைத் தட்டித் தட்டிப் பத்தியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுவது. அன்றைக்குச் சரியாகத் தெரியும். மறுநாள் மேலே இரண்டு வரி சேர்ந்தால் அந்தக் காலிப் பத்திகள் எல்லாம் நடுப்பக்கத்துக்கு நகர்ந்து நிற்கும். ஆகவே, முதலில் மறைவுக் குறிகளைத் திரையில் காட்டச் செய். யாரோ போட்டு மறந்த பக்க முறிப்பு இருக்கிறதா? ‘அடுத்த பத்தியோடு சேர்ந்திரு’ என்ற கட்டளை வரிசையாகப் பத்துப் பத்திகளுக்கு விழுந்திருக்கிறதா? அட்டவணையின் ஒரு வரிசை உடையக்கூடாது என்று பூட்டப்பட்டிருக்கிறதா? பகுதி ஒற்றைப்படைப் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும் என்று அமைக்கப்பட்டிருக்கிறதா? வேர்டு கோப்பு அட்டவணையோடு முடிந்தால் அதன் பின்னால் ஒரு காலிப் பத்தி எப்போதும் இருக்கும், அழிக்க முடியாது. அட்டவணை பக்கத்தை நிறைத்துவிட்டால் அந்தப் பத்தி ஒரு வெற்றுப் பக்கத்தையே உண்டாக்கும். எழுத்தளவை 1 புள்ளியாக்கி, பத்தி இடைவெளியையும் நீக்கினால் போய்விடும். காரணம் தெரிந்தால் தீர்வு பெரும்பாலும் ஒரு நிமிட வேலை.

4. தீர்வை முன்பக்கங்களில் தேடு.

என் ஃபோர்மேன் ஒரு பழக்கம் வைத்திருந்தார். 48ஆம் பக்கத்தில் சிக்கல் என்று போனால் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். இயலின் முதல் பக்கத்தை எடுப்பார். ஒரே சொல்லோடு முடியும் வரி உள்ள பத்தி எது, வரி நிறைந்து விளிம்பைத் தொட்டு முடியும் பத்தி எது என்று விரலால் தடவிக்கொண்டே வருவார். முன்னதைச் சற்று இறுக்கினால் ஒரு வரி மிச்சம். பின்னதைச் சற்றுத் தளர்த்தினால் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரி 48ஆம் பக்கத்தைச் சரிசெய்துவிடும். இன்றைய மென்பொருளும் இதை உனக்காக முழுதாகச் செய்யாது. கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1970களின் இறுதியில் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியபோது, வரிகளை உடைக்க ஒரு பத்தி முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்படி அமைத்தார். பக்கங்களை உடைக்கும்போது அன்றைய கணினியின் நினைவகம் போதாமல் ஒவ்வொரு பக்கமாகவே முடிக்கும்படி விட்டார். அவருடைய மாணவர் மைக்கேல் பிளாஸ் 1981-ல் ஸ்டான்ஃபோர்டில் இதைப் பற்றியே ஆய்வேடு எழுதினார். படங்களும் கலந்த நூலில் மிகச் சிறந்த பக்கப் பிரிப்பைக் கண்டுபிடிப்பது, சில வகைகளில் கணினிக்கே மிகக் கடினமான கணக்கு என்று அதில் காட்டினார். ஆகவே முழு இயலையும் மனத்தில் வைத்துப் பார்க்கும் பொறுமை உன்னிடமிருந்துதான் வர வேண்டும்.

5. ஒற்றை வரியைத் தனியே விடாதே. அந்த விதிக்கு அடிமையாகவும் ஆகாதே.

பத்தியின் முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் நிற்பது, கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் நிற்பது இரண்டையும் தவிர்க்க பெரும்பாலான மென்பொருள்களில் அமைப்பு உண்டு. அதைப் போட்டுவை. ஆனால் இரண்டு வரி போதும் என்ற இடத்தில் நான்கு வரி சேர்ந்திருக்க வேண்டும் என்று கட்டளை கொடுத்தால், ஒற்றை வரியிலிருந்து தப்பிக்கப் பக்கத்தின் அடியில் பெரிய பள்ளம் விழும். பழையவர்கள் செய்த வழி ஒன்று உண்டு. ஒரு வரி குறைய வேண்டுமென்றால் எதிரெதிர் நிற்கும் இரண்டு பக்கத்திலும் ஒரு வரி குறைப்பார்கள். புத்தகத்தை விரித்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் முடியும், யாருக்கும் உறுத்தாது. ஒரு பக்கத்தை மட்டும் குறைத்தால் நொண்டும்.

6. சேர்ந்திருக்க வேண்டியவற்றைப் பிரிக்காதே.

தலைப்பு அடியிலும் அதன் முதல் பத்தி அடுத்த பக்கத்திலும் நின்றால் தலைப்பு யாரை அழைக்கிறது என்றே தெரியாது. தலைப்புக்குக் கீழே குறைந்தது இரண்டு வரியாவது இருக்கட்டும். உரைநூல் செய்யும்போது இன்னும் கவனம் வேண்டும். நம் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி., சிறையிலிருந்து மீண்டபின் திருக்குறள் மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை 1917-ல் பதிப்பித்தார். குறள், அதன் கீழே உரை, மறுபடி குறள் என்று போகும் அத்தகைய நூலைப் பக்கமாகக் கட்டுவது எளிதல்ல. குறளின் இரண்டு அடிகள் இரண்டு பக்கத்துக்குப் போவதை எந்த நிலையிலும் அனுமதிக்காதே. உரையின் முதல் இரண்டு வரியாவது குறளோடு நிற்கட்டும். நாற்சீர் கொண்ட முதல் அடி அகலம் போதாமல் மடிந்தால், குறளுக்கு மட்டும் எழுத்தளவைச் சற்றுக் குறை; நூல் முழுவதும் அதே அளவை வை. ஒரு குறளுக்கு ஓர் அளவு, இன்னொன்றுக்கு வேறு அளவு என்பது படிப்பவருக்குச் செய்யும் அவமரியாதை.

7. தமிழின் இயல்பை அறிந்து வரியை உடை.

நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே நீளும். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற ஒரு சொல் அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். அது அடுத்த வரிக்கு ஓடினால் மேல்வரியில் மிஞ்சிய சொற்கள் இழுபட்டு நடுவே சந்துகள் திறக்கும். சொல்லை உடைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் உடை. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக்கூடாது, ஓர் எழுத்து மட்டும் தனியே நிற்கக்கூடாது. ஈய எழுத்தில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. மூன்றையும் ஒரே வரியில் நிறுத்துவதையே முதல் பாடமாகக் கற்றோம். இன்று அதைக் கணினி பார்த்துக்கொள்ளும். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துக்கொள். தலைப்பெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் விழாமல், ‘ரூ.’ ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் விழாமல், உடையாத இடைவெளியைப் போடு. வரி ஒழுங்காக உடைந்தால் பக்கச் சிக்கலில் பாதி வராது.

8. கணக்கும் கையெழுத்தும் இருக்கும் தாளில் இரட்டிப்புக் கவனம் கொள்.

துறைமுக ஊரில் வேலை செய்கிறாய். புத்தகத்தைவிடச் சரக்குப் பட்டியலும் விலைப்பட்டியலும் ஒப்பந்தமும்தான் உன் மேசைக்கு அதிகம் வரும். நாற்பது வரிசை ஒரு பக்கத்தில் முடிந்து ‘மொத்தம்’ என்ற வரிசை மட்டும் மறுபக்கத்துக்குப் போனால், பார்ப்பவர் அந்தத் தொகையை நம்பத் தயங்குவார். கடைசி இரண்டு மூன்று வரிசைகளையும் மொத்தத்தோடு சேர்த்து அனுப்பு. அட்டவணை தொடரும் ஒவ்வொரு பக்கத்திலும் தலைவரிசை மறுபடி வரட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து இடம் மட்டும் தனித்தாளில் நிற்கவே கூடாது. அந்தத் தாளை வேறு எதோடும் இணைத்துவிடலாம். ஒப்பந்தத்தின் சில வரிகளாவது அதன் மேலே இருக்கட்டும். பத்திர எழுத்தர்கள் வாசகம் முடிந்தபின் மிஞ்சிய இடத்தில் குறுக்கே கோடு இழுப்பதைப் பார்த்திருப்பாய். பிறகு யாரும் ஒரு வரி சேர்த்துவிடக்கூடாது என்பதற்காக அது. அழகுக்கு விடும் வெள்ளை வேறு, பிறர் சொத்து தொங்கும் தாளில் விழும் வெள்ளை வேறு.

9. படத்தை ஆணி அடித்து மாட்டாதே.

பக்கத்தின் அடியில் பெரிய ஓட்டை விழுந்தால் அடுத்த பக்கத்தின் உச்சியைப் பார். பெரும்பாலும் அங்கே ஒரு படம் நிற்கும். மிஞ்சிய இடத்தில் அது கொள்ளவில்லை, நகர்ந்துவிட்டது. படத்தை அங்கேயே விட்டு, பின்னால் வரும் உரையை மேலே ஏறி வெள்ளையை நிரப்பச் செய். இதற்கு ஆசிரியரின் ஒத்துழைப்பு வேண்டும். ‘கீழே உள்ள படத்தில்’ என்று எழுதியிருந்தால் படத்தை நகர்த்த முடியாது. ‘படம் 3’ என்று எண் கொடுத்துக் குறிப்பிட்டால் அது எங்கே நின்றாலும் வாசகர் கண்டுகொள்வார். வேலை தொடங்கும்போதே இதைக் கேட்டு வாங்கிக்கொள்.

10. ஆசிரியரின் சொல்லைக் கேட்காமல் தொடாதே.

ஒரு வரி குறைய வேண்டும், ஒரு சொல்லை எடுத்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொல்லும். நான் பார்த்த ஓர் அச்சகத்தில் இரங்கல் கட்டுரை ஒன்றில் அப்படி ஒரு சொல்லை எடுத்தார்கள். இறந்தவரின் மூத்த மகளைப் பற்றிய அடைமொழி அது. அந்த வீட்டாருக்கு அது ஒரு சொல்லாக இருக்கவில்லை. ஆகவே, ஆசிரியரிடம் போ. ‘இந்தப் பத்தியில் இரண்டு சொல் குறைந்தால் அடுத்த பக்கம் நேராகும், எதைக் குறைக்கலாம்?’ என்று இடத்தைக் காட்டிக் கேள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு செய்து கொடுப்பார்கள். அதேபோல், மலரிலோ பத்திரிகையிலோ மிஞ்சிய கால்பக்கத்தைத் துணுக்குப் போட்டு நிரப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் துணுக்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடு. துக்கத்தின் கீழே சிரிப்பை வைக்காதே.

11. காகிதத்தை மதி, அதற்காக எழுத்தை நசுக்காதே.

நூல் 16 பக்கம் 16 பக்கமாக ஃபாரம் கணக்கில் அச்சாகும். 160 பக்கம் என்றால் 10 ஃபாரம். 162 என்றால் அந்த இரண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தில் கை வைக்க வேண்டும். அப்போது இயல்களின் கடைசிப் பக்கங்களைத் தேடிப் போ; மூன்று நான்கு வரியோடு முடியும் பக்கம் ஒன்றிரண்டு கட்டாயம் கிடைக்கும். அந்த இயல்களில் வரிக்கு வரி மிச்சம் பிடித்தால் இரண்டு பக்கம் கைக்கு வந்துவிடும். நூல் முழுவதும் எழுத்தைச் சிறிதாக்குவது சோம்பேறியின் வழி. 1713-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. காகிதத்தை ஏராளமாக விழுங்கின. காகிதத் தட்டுப்பாட்டில் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உனக்குப் பல வழிகள் இருக்கின்றன. கண்ணாடி போட்ட பாட்டியும் அந்த நூலைப் படிக்கப்போகிறாள் என்பதை மறக்காதே.

12. பக்கத்தைக் கடைசியில் திருத்து. தாளில் பார்த்து முடி.

மெய்ப்பு முடியும் முன் பக்கம் திருத்துவது வீண் உழைப்பு. ஒரு சொல் மாறினால் ஒரு வரி நகரும். ஒரு வரி நகர்ந்தால் இயல் முழுவதும் நகரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்தின் அகலமே மாறி எல்லாப் பக்கமும் இடம் பெயரும். அந்த மாற்றத்தையும் முதலிலேயே முடித்துவிடு. பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வரிசையாகத் திருத்திக்கொண்டு போ. நடுவிலிருந்து தொடங்கினால் முன்னால் செய்யும் மாற்றம் பின்னால் செய்ததைக் குலைக்கும். கடைசியாக, இரண்டிரண்டு பக்கமாகத் தாளில் அச்சிட்டு, மேசையில் பரப்பி, சற்றுத் தள்ளி நின்று பார். படிக்காதே, வடிவத்தை மட்டும் பார். திரையில் ஒளிந்துகொண்ட ஓட்டைகள் அங்கே தெரியும். அச்சகத்துக்கு எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கோப்பைக் கொடு. திறந்த கோப்பைக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் வேறு எழுத்துரு ஏறி உன் உழைப்பெல்லாம் கலைந்துபோகும்.

மகளே, இவற்றில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஒரு மாதத்தில் விசைகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் மாலை ஆறு மணிக்கு, எல்லோரும் கிளம்பும் நேரத்தில், 112ஆம் பக்கத்தின் தலையில் ஒற்றை வரி நிற்பதைப் பார்த்தபின் ‘போகட்டும்’ என்று சொல்லாமல் இயலின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போகிறாயா என்பதில்தான் நீ யார் என்பது இருக்கிறது. கெடு நெருங்கிவிட்டால் வலப்பக்க முடிவுகள், தலைப்புகள், அட்டவணைகள் இந்த மூன்றையும் கட்டாயம் சரிசெய். மற்றவை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வை. குறித்து வைத்ததை மறக்காமல் செய்.

நாளைக்கு வேலைக்குப் போகும் முன் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு புத்தகத்தை எடு. ஒவ்வொரு பக்கத்தின் அடியையும் தலையையும் மட்டும் பார்த்துக்கொண்டே போ. எங்கே உறுத்துகிறது, அதை நீயாக இருந்தால் எங்கிருந்து சரிசெய்வாய் என்று பென்சிலால் குறித்து, ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவா. இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.